பெரிய மருத்துவமனைக்கு வெளியே: பரவலாக்கப்பட்ட மருத்துவப் பயிற்சிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

போஸ்டிங் பட்டியல் வந்துவிட்டது. உங்கள் பெயருக்கு நேரே இருப்பது பல்கலைக்கழகத்தின் பெரிய மருத்துவமனை இல்லை, நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு சிறிய மருத்துவமனை. கூடப் படிக்கிறவர்கள் பேராசிரியருக்குப் பின்னால் ரவுண்ட்ஸ் போகப் போகிறார்கள், நீங்கள் பெட்டி கட்ட வேண்டும். அங்கே என்ன கேஸ் வரும், யார் சொல்லிக் கொடுப்பார்கள், பரீட்சைக்கு என்ன செய்வது என்று வயிற்றைக் கலக்கும். எனக்கும் கலக்கியது. அப்படி ஒரு மாணவனாகப் போய் வந்தவன் நான். இப்போது பல வருடங்களாக, அப்படி வருகிறவர்களை வாசலில் வரவேற்கிற வேலையும் என்னுடையது. வந்தவர்களில் நிறையக் கற்றுக்கொண்டு போனவர்களும் உண்டு, நாட்களை எண்ணிவிட்டுப் போனவர்களும் உண்டு. புத்திசாலித்தனத்தில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. என்ன கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்ததுதான் வித்தியாசம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மருத்துவ மாணவர்களுக்கு மட்டும் எழுதவில்லை. செவிலியம், பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி, ஊட்டச்சத்து, பார்மசி, பல் மருத்துவம் என்று எந்தத் துறையில் இருந்தாலும் இதில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும்.

ஏன் அனுப்புகிறார்கள்

1961-இல் கெர் வைட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். வயது வந்த 1,000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் அவர்களில் 750 பேருக்கு ஏதாவது உடல்நலக் குறை வருகிறது. 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுவது ஒரே ஒருவர். அமெரிக்க, பிரிட்டிஷ் தரவுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. 2001-இல் அமெரிக்காவில் திரும்பப் போட்டுப் பார்த்தபோதும் படம் பெரிதாக மாறவில்லை.

அந்த ஒருவரை மட்டும் பார்த்து நாம் மருத்துவம் படிக்கிறோம், மீதி 999 பேருக்கு வேலை செய்யப் போகிறோம். பயிற்சியைப் பல இடங்களுக்குப் பரப்புவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. மருத்துவர்கள் போகத் தயங்கும் ஊர்களில் மாணவராக இருந்தவர்கள் பிற்பாடு அங்கே வேலைக்குப் போகத் தயங்குவது குறைவு. தொலைதூரப் பகுதிகளில் சுகாதாரப் பணியாளர்களைத் தக்கவைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010-இலும் 2021-இலும் தந்த பரிந்துரைகளில், மாணவர்களை அந்தப் பகுதிகளிலேயே பயிற்றுவிப்பதும் ஒன்று.

இது பழைய யோசனைதான். மினசோட்டா பல்கலைக்கழகம் 1971-இல் மூன்றாம் ஆண்டு மாணவர்களை ஒன்பது மாதம் கிராமப்புற மருத்துவர்களோடு வைக்கத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997-இல் 8 மாணவர்களை ரிவர்லேண்ட் என்ற பகுதிக்கு ஒரு முழு ஆண்டு அனுப்பியது. மருத்துவத்துக்கு ஆறு வாரம், அறுவைக்கு ஆறு வாரம் என்று துண்டு போடாமல், வாசலில் வருகிற எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கற்றார்கள். பரீட்சையில் பின்தங்குவார்களோ என்ற பயம் அப்போதும் இருந்தது. பின்னர் மதிப்பெண்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பெரிய மருத்துவமனையிலேயே இருந்தவர்களைவிட இவர்களுடைய மதிப்பெண்கள்தான் கூடியிருந்தன. ஆக, அந்தப் பயத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

கிளம்புவதற்கு முன்

முதலில் தடுப்பூசி. ஹெபடைடிஸ் பி மூன்று தவணை, 0, 1, 6 மாதக் கணக்கு. கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு 10 mIU/mL-க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தின வாரம் நினைத்தால் நடக்காது. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வருட ஆரம்பத்திலேயே தேதி குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் லாக்புக், அதாவது செய்து பழகியவற்றைப் பதிந்து கையெழுத்து வாங்கும் ஏடு. அதைப் பிரித்து, எந்தெந்தச் செயல்முறைகள் அந்த இடத்தில் நடக்கும், எவை நடக்காது என்று பென்சிலால் குறியுங்கள். நடக்காதவற்றை எங்கே, எப்போது முடிப்பது என்று துறையில் இப்போதே கேட்டு வைத்தால், கடைசி மாதத்தில் கையெழுத்துக்காக அலைய வேண்டியிருக்காது.

போகிற இடத்துக்கு ஒரு போன் போடுங்கள். கேட்க வேண்டியது ஐந்தே கேள்விகள். எனக்குப் பொறுப்பாளர் யார்? அவர் விடுப்பில் போனால் யார்? தங்குமிடத்திலிருந்து ராத்திரி டியூட்டிக்கு எப்படி வர வேண்டும்? போன் சிக்னல் எப்படி? அங்கே அதிகம் வரும் நோயாளிகள் யார்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இழுபறியாக இருந்தால் அதைப் பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

இணையம் இல்லாத நாட்கள் வரும். உங்கள் நாட்டின் சிகிச்சை வழிகாட்டிகள், குழந்தைகளுக்கான மருந்தளவு அட்டவணை, அவசரச் சிகிச்சைப் படிநிலைகள் இவற்றைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஸ்டெதஸ்கோப், டார்ச், பாக்கெட்டில் அடங்கும் நோட்டு ஒன்று, நாள் முழுக்க நிற்கத் தாங்கும் செருப்பு. பை கனக்க வேண்டியதில்லை.

போகிற இடத்தின் பேச்சு உங்களுடையதாக இல்லாவிட்டால் நோவைச் சொல்லும் சொற்களை மட்டுமாவது முன்கூட்டியே கற்றுக்கொள்ளுங்கள். நம் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். குத்துகிறது, கடுக்கிறது, இழுக்கிறது, எரிகிறது, விண்விண் என்று தெறிக்கிறது, அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒவ்வொன்றும் வேறு உறுப்பை, வேறு நோயைக் காட்டலாம். எல்லாவற்றையும் 'வலி' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டால் பாதி நோயறிதல் அங்கேயே போய்விடுகிறது. எந்த மொழியிலும் இப்படித்தான்.

முதல் நாள்: நோயாளிக்கு முன் கட்டடம்

போனவுடன் ஓ.பி.யில் உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் இரண்டு மணி நேரம் கட்டடத்தைச் சுற்றிப் பாருங்கள். ஆக்சிஜன் எங்கே இருக்கிறது, சிலிண்டரைத் திறக்கும் சாவி எங்கே தொங்குகிறது? அவசர டிராலியை ஒரு நர்ஸின் அனுமதியோடு திறந்து பாருங்கள். லாரிங்கோஸ்கோப்பை (தொண்டைக்குள் பார்க்கும் கருவி) விரித்தால் பல்பு எரிகிறதா, குழந்தைக்கான மாஸ்க் இருக்கிறதா, அட்ரினலின் எந்த டிராயரில் வைத்திருக்கிறார்கள் என்று கையால் தொட்டுப் பார்த்து வையுங்கள். அதிகாலை மூன்று மணிக்கு 'அதை எடு' என்று யாராவது கத்தும்போது கை தானாகப் போக வேண்டும். லேபில் எந்தச் சோதனை எத்தனை மணி வரை நடக்கும், ரத்தம் வேண்டுமென்றால் எங்கிருந்து வரும், எவ்வளவு நேரமாகும் என்பதையும் அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆட்களையும் அன்றே பாருங்கள். வார்டு பொறுப்பு நர்ஸ், பார்மசிஸ்ட், லேப் டெக்னீசியன், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், ரெக்கார்டு அறையில் இருப்பவர், துப்புரவுப் பணியாளர். சிறிய மருத்துவமனை இவர்களுடைய கையில்தான் ஓடுகிறது. மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், இவர்கள் இருபது வருடமாக அங்கேயே இருப்பார்கள்.

அவர்களிடம் உங்களை எப்படி அறிமுகம் செய்கிறீர்கள் என்பது மிக முக்கியம். நான் இதில் தவறியவன். என் முதல் வாரத்தில், "ஸ்டூடண்ட், சிஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றேன். இறுதி ஆண்டு என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு ராத்திரி வார்டில் கூட்டம். "தம்பி, அந்தப் பேஷன்டுக்குப் பொட்டாசியம் போட்டுடு" என்றார் சிஸ்டர். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு ஆம்பூல் பொட்டாசியம் குளோரைடை உடைத்து, சிரிஞ்சில் ஏற்றி, நேராகக் கையில் இருந்த ஐ.வி. லைனுக்குக் கொண்டுபோனேன். ஊசி போர்ட்டில் ஏறவில்லை, அதற்குள் பக்கத்துக் கட்டிலில் இருந்த சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "இது பாட்டில்ல கலந்து மெதுவா போகணும். நேரா போட்டா நெஞ்சு நின்னுடும்." குரலை உயர்த்தவே இல்லை. சிரிஞ்சை வாங்கி வைத்துவிட்டு, எனக்குக் கலக்கிக் காட்டினார். அந்தப் பிடி இன்றும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

அதனால் என்னிடம் வரும் மாணவர்களுக்கு நான் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுக்கிறேன். "என் பெயர் இது, மூன்றாம் ஆண்டு. ரத்தம் எடுப்பேன், கட்டு மாற்றுவேன், பிபி, சுகர் பார்ப்பேன். மருந்து கலக்குவது, ஐ.வி. மருந்து போடுவது இன்னும் தெரியாது, பக்கத்தில் நின்று காட்டினால் கற்றுக்கொள்வேன்." ஷிப்ட் மாறும்போதெல்லாம் புதிதாக வந்தவரிடம் இதைத் திரும்பச் சொல்ல வேண்டும். தெரியாததை முதலிலேயே சொன்னவரைத்தான் அங்கே நம்பிப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள்.

முதல் வாரம்: பொறுப்பாளரோடு 15 நிமிடம்

எப்படியாவது ஒரு 15 நிமிடம் உட்காரக் கேளுங்கள். டீ நேரத்தில் கேட்டாலும் சரி. எந்தச் செயல்முறையை எந்த அளவுக்குச் செய்யலாம் என்று பேசி முடிவு செய்வதுதான் அந்த 15 நிமிடத்தின் வேலை. நான்கு படிகள் போதும்: பார்ப்பேன். நீங்கள் பக்கத்தில் நின்றால் செய்வேன். நீங்கள் கூப்பிடும் தூரத்தில் இருந்தால் செய்வேன். செய்துவிட்டு வந்து சொல்வேன். நெதர்லாந்தைச் சேர்ந்த ஓல்லே டென் காட்டே 2005-இல் முன்வைத்த, ஒரு வேலையை மாணவரிடம் எந்த அளவு நம்பி ஒப்படைப்பது என்ற கருத்தின் எளிய வடிவம் இது. ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திருத்திக்கொள்ளுங்கள்.

சிறிய மருத்துவமனையின் மருத்துவருக்கு நேரம் இருக்காது. ஓ.பி. பார்ப்பார், பிரசவம் பார்ப்பார், நிர்வாகக் கடிதமும் எழுதுவார். 'அவர் சொல்லியே தருவதில்லை' என்று குறைபடுவதற்கு முன், நீங்கள் கேஸைச் சொல்லும் விதத்தை மாற்றிப் பாருங்கள். 2003-இல் வெளியான ஸ்னாப்ஸ் என்ற முறை இதற்கென்றே வந்தது. சுருக்கிச் சொல், இரண்டு மூன்று சாத்தியங்களுக்குக் குறுக்கு, அவற்றை ஒப்பிடு, தெரியாததைக் கேள், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல், படிக்க ஒன்றை எடுத்துக்கொள். நடைமுறையில் இப்படி இருக்கும்:

"சார், 58 வயது, ஆண். இரண்டு மாதமாக இரண்டு காலிலும் வீக்கம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ராத்திரி படுத்தால் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. பத்து வருஷமாக பிபி. இதயச் செயலிழப்பாக இருக்கலாம், சிறுநீரகமாகவும் இருக்கலாம் என்று நினைக்கிறேன். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, நுரையீரலின் அடியில் இரண்டு பக்கமும் கிரெப்ஸ் (நொறுநொறு ஒலி) கேட்கிறது, முகத்தில் வீக்கம் இல்லை. அதனால் இதயத்தின் பக்கம் சாய்கிறேன். எக்கோ (இதய ஸ்கேன்) இங்கே இல்லை. அது இல்லாமல் எப்படி முடிவு செய்வீர்கள்? சிறுநீரில் புரதம், கிரியேட்டினின், ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு நீர்மாத்திரை தொடங்கலாம் என்று நினைக்கிறேன். நீர்மாத்திரை கொடுத்தால் பொட்டாசியத்தை எப்போது பார்ப்பது என்று இன்றைக்குப் படிக்கிறேன்."

ஒரு நிமிடம்தான் ஆகிறது. ஆனால் 'எக்கோ இல்லாமல் எப்படி?' என்ற கேள்வி இருக்கிறதே, அதற்கு அந்த மருத்துவர் சொல்லும் பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது. எத்தனை அவசரத்தில் இருந்தாலும் அந்தக் கேள்விக்கு நிற்பார். நானும் நின்றிருக்கிறேன்.

ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரம் ஆகியும், நீங்கள் ஒரு நோயாளியைப் பரிசோதிப்பதை யாரும் ஒருமுறைகூட நின்று பார்க்கவில்லை என்றால் அது பயிற்சி இல்லை. உங்களைக் கூலி இல்லாத கையாக வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முதலில் பொறுப்பாளரிடமே, "நாளைக்கு ஒரு கேஸ் மட்டும் நான் பார்க்கும்போது கூட இருக்க முடியுமா?" என்று கேளுங்கள். அப்படியும் நடக்காவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். அதை அவர்களுக்குச் சொல்லாமல் மூன்று மாதம் ஓட்டிவிட்டு வந்து அழுத மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதங்கள் திரும்பி வராது.

ஐந்து பேரைப் பின்தொடருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பெரிய மருத்துவமனையில் நோயாளியை மூன்று நாள் பார்ப்பீர்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் அவர் கதை முடிந்துவிடும். அந்த மாத்திரை வேலை செய்ததா, அந்தத் தையல் ஆறியதா, உங்கள் நோயறிதல் சரியா என்று தெரியாமலே அடுத்த போஸ்டிங்குக்குப் போய்விடுவீர்கள். சிறிய இடத்தில் அவர் திரும்பி வருவார். திரும்பி வருவதைப் பார்ப்பதுதான் நீங்கள் இவ்வளவு தூரம் வந்ததற்கான பலன்.

முதல் பத்து நாளுக்குள் ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கர்ப்பிணி, சர்க்கரையோ பிபியோ நீண்ட நாளாக உள்ள ஒருவர், பக்கவாதம் வந்து வீடு திரும்பியவர், எடை ஏறாத ஒரு குழந்தை, இனிக் குணமாகாது என்று தெரிந்த ஒருவர். உங்கள் துறையைப் பொறுத்து மாற்றிக்கொள்ளலாம். "நான் மாணவர். நீங்கள் சம்மதித்தால் உங்களுடைய அடுத்தடுத்த வருகைகளில் நானும் இருக்கிறேன். வேண்டாம் என்றால் உங்கள் சிகிச்சையில் எதுவும் குறையாது" என்று கேளுங்கள். சிலர் மறுப்பார்கள். நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

ஒவ்வொருவருக்கும் நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடது பக்கத்தில் நீங்கள் எதிர்பார்ப்பது, வலது பக்கத்தில் நடந்தது. 'ஒரு வாரத்தில் வீக்கம் வடியும்' என்று எழுதியிருப்பீர்கள், வடிந்திருக்காது. ஏன் என்று தேடும்போதுதான் மருத்துவம் மனதில் ஏறும். அவர் ஸ்கேனுக்குப் போகும்போது கூடப் போங்கள், பிசியோதெரபி அறையில் உட்காருங்கள், மருந்து வாங்க வரிசையில் நில்லுங்கள். நேரம் வீணாகிறது என்று தோன்றும். அந்த வரிசையில் அவர் சொல்வது ஓ.பி.யில் சொன்னதாக இருக்காது.

வீட்டுக்கும் போக வேண்டும், தனியாக இல்லாமல் அங்கே வழக்கமாகப் போகும் சுகாதாரப் பணியாளரோடு. ஒருமுறை பக்கவாதத்துக்குப் பின் வீடு திரும்பிய ஒரு அம்மாவைப் பார்க்க, ஒரு பிசியோதெரபி மாணவி, ஒரு ஊட்டச்சத்து மாணவர், ஒரு மருத்துவ மாணவர் மூவரையும் கூட்டிக்கொண்டு போனேன். வார்டில் அவருக்கு நாற்காலியைப் பிடித்து எழும் பயிற்சி கற்றுக் கொடுத்து அனுப்பியிருந்தோம். வீட்டில் நாற்காலியே இல்லை. கட்டிலும் தரையோடு தரையாக இருந்தது. மாணவி ஒரு நிமிடம் யோசித்தாள். வாசல் நிலைக்கட்டையைக் கையால் அசைத்துப் பார்த்தாள், உறுதியாக இருந்தது. அதைப் பிடித்து எழும் விதமாகப் பயிற்சி முழுவதையும் அங்கேயே மாற்றினாள். ஊட்டச்சத்து மாணவர் சமையல் செய்பவரிடம் பேசிக்கொண்டிருந்தார். விழுங்கும்போது இருமல் வருகிறது என்பது அப்போதுதான் வெளியே வந்தது. மருத்துவ மாணவர் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினார். 20 இருக்க வேண்டிய இடத்தில் 34 இருந்தன. கத்தரியால் பாதி பாதியாக வெட்டி, அதிக நாள் வருமாறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மறைக்க நினைத்துச் செய்யவில்லை. யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இது நடக்க மூன்று துறை மாணவர்கள் சேர்ந்து போக வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகம் 2011-இல் வூஸ்டர் நகரில் தொடங்கிய உக்வாண்டா கிராமப்புற மருத்துவப் பள்ளியில் பல துறை மாணவர்கள் சேர்ந்தே வீடுகளுக்குப் போகிறார்கள். உங்கள் இடத்தில் அப்படி ஏற்பாடு இல்லாவிட்டால் நீங்களே பக்கத்து விடுதியில் இருப்பவரைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் வருவார்கள்.

ரெஃபரல்

அங்கே பார்க்க முடியாததைப் பெரிய இடத்துக்கு அனுப்புவதும் ஒரு திறன்தான். போனில் பேசும்போது எஸ்பார் முறையைப் பின்பற்றுங்கள். இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, என்னவென்று நினைக்கிறீர்கள், என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்த முறை இது. மாணவர்கள் பெரும்பாலும் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள். எல்லாம் சொல்லிவிட்டு மௌனமாகிவிடுவார்கள். 'இவரை இன்றே எடுத்துக்கொள்ள வேண்டும், வரும் வழியில் என்ன கொடுக்கலாம் என்று சொல்லுங்கள்' என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். இரண்டு நாள் கழித்து, அவர் என்ன ஆனார் என்று போன் செய்து கேளுங்கள்.

பாதுகாப்பு

ஊசி குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்கக் கூடாது. உடனே சொல்ல வேண்டும், 'ஷிப்ட் முடியட்டும்' என்று தள்ளக் கூடாது. எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு சுமார் 1,000-இல் 3 தான். தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மருந்து உங்கள் மருத்துவமனையில் எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்பதை முதல் நாள் சுற்றும்போதே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

ஆம்புலன்ஸில் பின்னால் உட்கார்ந்தால் பெல்ட் போடுங்கள். ராத்திரி தங்குமிடத்துக்குத் தனியாக நடந்து போக வேண்டியிருந்தால் அதை ஒரு பிரச்சினையாகவே சொல்லுங்கள், 'சமாளித்துக்கொள்கிறேன்' என்று விழுங்காதீர்கள். யாராவது அத்துமீறினால், அந்த மருத்துவமனைக்கு வெளியே, பல்கலைக்கழகத்தில் யாரிடம் சொல்வது என்ற எண் உங்கள் போனில் இருக்க வேண்டும். அந்த மருத்துவமனையில் மதிப்பெண் போடுபவரிடமே புகார் சொல்லும் நிலை எந்த மாணவருக்கும் வரக் கூடாது.

எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்

சிறிய இடத்தில் ரகசியம் காப்பது கடினம். பெயரை மறைத்துவிட்டு ஒரு காயத்தின் படத்தை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டால், பெரிய நகரத்தில் யாருக்கும் தெரியாமல் போகலாம். இங்கே 'நேற்று மில்லில் கை மாட்டிக்கொண்டவர்' என்றாலே ஊருக்குத் தெரிந்துவிடும். படம் எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் நோயாளியின் எழுத்துபூர்வச் சம்மதமும் பொறுப்பாளரின் அனுமதியும் வேண்டும். சாப்பிடும் இடத்தில், பேருந்தில் கேஸ் பேச வேண்டாம். பின் இருக்கையில் அவருடைய அத்தை உட்கார்ந்திருக்கலாம்.

கடைத்தெருவில் நிறுத்தி ரிப்போர்ட்டைக் காட்டுவார்கள். "ஓ.பி.க்கு வாங்க, டாக்டரும் நானும் சேர்ந்து பார்க்கிறோம்" என்று சொல்லப் பழகுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சாயங்காலங்கள்

மூன்றாவது வாரம் பெரும்பாலானவர்களுக்குக் கடினமாக இருக்கிறது. புதுமை போயிருக்கும், பழக்கம் இன்னும் வந்திருக்காது. வார்டில் ஒரு மரணம் நடந்திருக்கும், பேச ஆள் இருக்காது. வாரத்தில் ஒரு நாள் குறித்து, வேறு வேறு இடங்களில் இருக்கும் நான்கைந்து நண்பர்கள் போனில் கூடுங்கள். ஆளுக்கு ஒரு கேஸ், ஆளுக்கு ஒரு மனச்சுமை. உள்ளூரில் ஒரு விளையாட்டோ நூலகமோ எதிலாவது சேருங்கள். தூக்கம் கெட்டு, காலையில் எழவே பிடிக்காமல் இரண்டு வாரம் போனால், அதைப் பலவீனம் என்று நினைக்காமல் யாரிடமாவது சொல்லுங்கள்.

லாக்புக்கை அன்றன்றைக்கே எழுதி, வாரா வாரம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் 40 பக்கத்தை நீட்டினால் படிக்காமல் போடுவார்கள். அதனால் யாருக்கும் பயனில்லை. கருத்துக் கேட்கும்போதும் 'நான் எப்படிச் செய்கிறேன்?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள், 'நல்லாப் பண்றீங்க' என்றுதான் பதில் வரும். 'இன்றைக்கு அந்தக் குழந்தையைப் பரிசோதித்ததில் எதை விட்டுவிட்டேன்?' என்று கேளுங்கள்.

கிளம்பும்போது

கடைசி வாரத்தில் உங்கள் ஐந்து பேரிடமும் நேரில் சொல்லுங்கள். இன்ன தேதியோடு போகிறேன், அடுத்து இவர் பார்ப்பார். சொல்லாமல் மறைந்த மாணவர்களைப் பற்றி நோயாளிகள் மாதக்கணக்கில் என்னிடம் விசாரித்திருக்கிறார்கள். அந்த மருத்துவமனைக்கு ஏதாவது விட்டுவிட்டுப் போக நினைத்தால் சிறிதாக, அவர்கள் கேட்டதாக இருக்கட்டும். ஒரு மாணவர் அவசர டிராலியின் ஒவ்வொரு அறையிலும் என்ன இருக்க வேண்டும் என்று அட்டை எழுதி ஒட்டினார். இன்றும் ஷிப்ட் மாறும்போது அதைப் பார்த்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

பின்னால் வருபவருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். மருத்துவமனை விதிகளின்படி நோயாளி விவரங்கள் கேஸ் ஷீட்டிலேயே இருக்கட்டும், குறிப்பில் பெயர் வேண்டாம், பதிவேட்டு எண் போதும். போன வருடம் ஒரு மாணவி எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்பின் கடைசி வரிகள் இவை: "மூன்றாமவர் மாத்திரை சரியாகச் சாப்பிடுகிறேன் என்றுதான் சொல்வார். அட்டையை எண்ணுங்கள். அதட்டாதீர்கள், முதலில் பேரனைப் பற்றிக் கேளுங்கள். லாரிங்கோஸ்கோப் பேட்டரி இரண்டாவது டிராயரில்."